ஓடாத மருந்து

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் சங்கமித்ரை என்று ஓர் ஆசிரியை இருந்தார். அவருக்கு வயது முப்பத்தைந்து. அவருடைய மாணவர் அருளப்பனுக்கு நாற்பத்து நான்கு.

ஆசிரியை மாணவரை 'சார்' என்பார். மாணவர் ஆசிரியையை 'மேடம்' என்பார். யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குக் குழம்பும். அவர்கள் இருவருக்கும் அதில் குழப்பம் இருந்ததில்லை.

அருளப்பன் பதினைந்து வருடம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பொறியாளராக இருந்தவர். அடுத்தவர் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, எங்கே கோளாறு என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஒருநாள், இனி இதையெல்லாம் எந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். கூட இருந்தவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். அருளப்பனுக்கு மட்டும் அந்த எந்திரம் எப்படித்தான் அதைச் செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. விசாரித்துக்கொண்டு சங்கமித்ரையிடம் வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் ஆசிரியை அவரிடம் ஒரு சின்ன மென்பொருளைக் கொடுத்து, இதைச் செயலிழந்து விழவைத்துக் காட்டுங்கள் என்றார். அருளப்பன் அன்று முழுக்க யோசித்து, வகைவகையாகத் தகவல் கொடுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. சாயங்காலம் ஆசிரியை வந்தார். பக்கத்து மேஜையில் இருந்தவரிடம் ஏதோ பேசியபடியே, விசைப்பலகை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். திரை கறுத்து மென்பொருள் விழுந்தது.

"இது என்ன மேடம்?" என்றார் அருளப்பன்.

"உங்களுக்கு அது மேல மரியாதை ஜாஸ்தி சார்" என்றார் ஆசிரியை.

அன்றைக்கு அருளப்பனுக்கு அந்தத் துறை பிடிபட்டது. அடுத்த மூன்று வருடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு சோதனை எந்திரத்தை உருவாக்கினார்கள். எந்திரம் என்றால் அதுவும் ஒரு மென்பொருள்தான். ஒரு கருவிக்கு வரவே கூடாத தகவல்களைத் தானாகவே கிறுக்குத்தனமாகத் தயாரித்து, ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கருவி எங்கே தடுக்கி விழுகிறதோ அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் நுழையக்கூடிய சந்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அருளப்பன் அதற்குக் 'குடைச்சல்' என்று பெயர் வைத்தார். கட்டுரையில் வேறு பெயர் போட்டுக்கொள்ளலாம் என்று ஆசிரியை சிரித்தார். ஆனால் கட்டுரையிலும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

பிறகு ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். ஆய்வகம் அருளப்பன் பொறுப்பில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மருத்துவக் கருவி நிறுவனம் தன் சிரிஞ்ச் பம்பைச் சோதித்துத் தரும்படி அனுப்பியிருந்தது. மருந்து நிரப்பிய சிரிஞ்சை அதில் பொருத்தி அளவைச் சொல்லிவிட்டால், நோயாளியின் நரம்புக்குள் மருந்தை மெதுவாக, மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டிருக்கும் கருவி. எல்லாப் பம்புகளையும் ஒரே திரையில் பார்த்துக்கொள்ள வசதியாக, வார்டில் அவற்றைக் கம்பி போட்டு இணைத்திருப்பார்கள். அருளப்பன் அந்தக் கம்பி வழியே குடைச்சலை ஏவிவிட்டார்.

இரண்டாம் நாள் காலையில் வந்து பார்த்தபோது பம்ப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. பச்சை விளக்கு எரிந்தது. அருளப்பன் எதேச்சையாகச் சிரிஞ்சைப் பார்த்தார். மருந்துக்குப் பதிலாக நிரப்பியிருந்த தண்ணீர் அப்படியே இருந்தது. மோட்டார் எப்போதோ நின்றிருந்தது. திரை மட்டும் ஓடுகிறது, ஓடுகிறது என்று காட்டிக்கொண்டிருந்தது.

அவர் நிறுவனத்துக்கு விவரமாக எழுதினார். முதலில் நன்றி என்று பதில் வந்தது. அடுத்து, இப்படிக் கோணல்மாணலான தகவலை எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் அனுப்பப் போவதில்லை, ஆகவே இது கோளாறே இல்லை என்று வந்தது. அருளப்பன் விடாமல் எழுதினார். மூன்றாவது பதில் வக்கீலிடமிருந்து வந்தது. சோதனை முடிவை வெளியே சொன்னால் வழக்குப் போடுவோம் என்றது. அருளப்பன் ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தார். மாநாட்டுக் குழுவினர் மிகவும் பணிவாக மன்னிப்புக் கேட்டு அவர் பேச்சை எடுத்துவிட்டார்கள்.

நிலையத்தின் இயக்குநர் தாமோதரன் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த நிறுவனம் நமக்கு ஒரு புதிய கட்டடம் கட்டித் தரப் போகிறது, நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும், கட்டடம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். பச்சைக் குழந்தைக்காரியை இதில் இழுத்துத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவைத்தார்.

அருளப்பன் வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டாரே தவிர உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தபடி வக்கீலுக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் மனைவி, யாரோடு சண்டை போடுகிறீர்கள் என்று கேட்டால் முழிப்பார்.

இப்படி மாதங்கள் போயின. ஆசிரியை விடுப்பு முடிந்து வர இருந்த வாரத்தில் நகரத்தில் மருத்துவக் கருவிகள் கண்காட்சி ஒன்று நடந்தது. அருளப்பன் போனார். அந்த நிறுவனத்தின் கடைக்கு முன்னால் நல்ல கூட்டம். கோட்டுப் போட்ட ஒருவர் அதே பம்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். குடைச்சல் என்று ஒரு சோதனை இருக்கிறது, எந்தக் கருவியையும் விட்டுவைக்காத சோதனை, எங்கள் பம்ப் அந்த ஆய்வகத்துக்கே போய்வந்தது என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒரு மருத்துவர் கைதட்டக்கூடச் செய்தார்.

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பம்ப் ஆய்வகத்துக்குப் போனது, வந்தது. அவர் வாயைக் கட்டிவிட்டு, அவர் வைத்த பெயரையே எடுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை சங்கமித்ரை வேலைக்கு வந்தார். நாற்காலியில் அவர் உட்காருவதற்குள் அருளப்பன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இன்று சாயங்காலமே இணையத்தில் போடப் போகிறேன் என்றார். கோளாறு இருக்கிறது என்று மட்டுமல்ல, என்ன தகவலை எப்படி அனுப்பினால் பம்ப் நிற்கும் என்பதை அட்சரம் விடாமல் போடப் போகிறேன், எவன் வேண்டுமானாலும் செய்து பார்க்கட்டும், அப்போது தெரியும் இது கோளாறா இல்லையா என்று.

ஆசிரியை கடைசிவரை கேட்டார். முடித்ததும், "இது உங்களுக்குத் தெரிஞ்சு எவ்வளவு நாளாச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சு மாசம் மேடம்."

ஆசிரியையின் முகம் மாறியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போடாதீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார் அருளப்பன்.

"சொல்லல. லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வாங்க."

காரை ஆசிரியையே ஓட்டினார். பொள்ளாச்சி சாலையில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரிக்கு முன்னால் நிறுத்தினார். அவருக்குப் பிரசவம் ஆனது அங்கேதான். மாடியில் தீவிர சிகிச்சை வார்டு. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். எட்டுப் படுக்கைகள். பெரும்பாலானவற்றின் தலைமாட்டில் அந்தப் பம்ப். பச்சை விளக்குகள். ஒரு கிழவர் வாயைத் திறந்தபடி தூங்கினார். வயிற்றில் கட்டுப் போட்ட ஒரு பெண், யார் என்று தெரியாமலே இவர்களைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள்.

ஆசிரியை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். இங்கிருந்தே போடுங்க."

அருளப்பன் மடியில் கணினியை வைத்துத் திறந்தார். எழுதி வைத்ததெல்லாம் தயாராக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான். கிழவரைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"இங்க எப்படி மேடம்?"

"இங்க முடியாதது வீட்டுல எப்படி முடியும்?"

அருளப்பன் கணினியை மூடினார். கோபம் இப்போது ஆசிரியை மேல் திரும்பியது. அவர் குரலை அடக்கிக்கொண்டுதான் பேசினார். அப்படியென்றால் என்னைச் சும்மா இருக்கச் சொல்கிறீர்களா, இதை இயக்குநரே சொல்லிவிட்டாரே, இதற்கு எதற்கு இவ்வளவு தூரம் என்றார். அவர்கள் ஊரைக் கூட்டிப் பெருமை பேசலாம், நான் மட்டும் நல்லவனாக வாயைப் பொத்திக்கொள்ள வேண்டுமா என்றார்.

ஆசிரியை வார்டுப் பொறுப்பில் இருந்த நர்ஸைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மெஹருன்னிசா என்று பெயர். ஐம்பதை நெருங்கியவர். ஆசிரியையைப் பார்த்ததும், குழந்தை எப்படி இருக்கிறது, பால் குடிக்கிறதா என்று விசாரித்தார்.

"நல்லா இருக்கா சிஸ்டர். எனக்குப் பிரசவத்தப்ப பிரஷர் ஏறுச்சே, அப்ப மருந்து ஏத்துனது இந்தப் பம்ப்லதானே?"

"ஆமாங்க. இதேதான். ரெண்டு நாள் ஓடுச்சு."

அருளப்பன் தரையைப் பார்த்தார். அந்த இரண்டு நாளும் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"இவர் அருளப்பன். என் ஆய்வகத்துல இருக்கார்" என்றார் ஆசிரியை. "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

சொல்லிவிட்டு அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அருளப்பன் தொடங்கினார். தகவல் கட்டமைப்பு, நினைவகப் பிழை என்று ஏதேதோ சொன்னார். மெஹருன்னிசாவின் புருவம் சுருங்கியது. அருளப்பன் நிறுத்திக்கொண்டு மறுபடி சொன்னார். "இந்தக் கம்பி வழியா தப்பான தகவல் ஏதாவது வந்தா பம்ப் நின்னுரும் சிஸ்டர். ஆனா ஓடுறதாவே காட்டும். மருந்து உள்ள போகாது."

மெஹருன்னிசா பம்பைத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தம் வராதா?"

"வராது."

"நிக்காம இருக்க என்ன பண்ணணும்?"

கம்பியைப் பிடுங்கிவிட்டால் போதும், பம்ப் தனியாக ஒழுங்காக ஓடும், ஆனால் மேஜையில் இருக்கும் பெரிய திரையில் தெரியாது, ஒவ்வொரு படுக்கையாகப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றார் அருளப்பன்.

மெஹருன்னிசா நடந்து போய் முதல் பம்பின் பின்னாலிருந்த கம்பியைப் பிடுங்கினார். அப்புறம் அடுத்தது. வார்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து அருளப்பன் முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அருளப்பன் சொன்னார்.

"அஞ்சு மாசத்துல யார் யார்கிட்ட சொன்னீங்க?"

நிறுவனம், அதன் வக்கீல், எங்கள் இயக்குநர், மாநாட்டுக் குழு என்று அருளப்பன் சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அவருக்கே குரல் இறங்கிக்கொண்டு வந்தது. மெஹருன்னிசா இன்னும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"செல்வராணின்னு ஒரு பொண்ணு இங்க நர்ஸா இருந்துச்சு" என்றார் அவர். "வால்பாறைப் பொண்ணு. கையில ஊசி குத்துனா குழந்தைகூட அழாது, அப்படி ஒரு கை. ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒருத்தருக்கு திடீர்னு பிரஷர் விழுந்துருச்சு. பிழைச்சதே பெரிசு. பம்ப்ல பாத்தா மருந்து பூரா போயிருச்சுன்னு காட்டுது. சிரிஞ்சுல மருந்து அப்படியே இருக்குது. அந்தக் கம்பெனிக்காரர் வந்தாரு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணாரு. மெஷின்ல ஒரு குறையும் இல்ல, நர்ஸு சிரிஞ்ச சரியா மாட்டலேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. அன்னைக்கே அந்தப் பொண்ண சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

அவர் கண் கலங்கவில்லை. அருளப்பனை விட்டுப் பார்வையை எடுக்கவும் இல்லை.

"நான் மாட்டுனேன் அக்கா, நல்லாத்தான் மாட்டுனேன்னு இந்த இடத்துல நின்னு அழுதுச்சுங்க. நானே நம்பல. மெஷின் பொய் சொல்லுமான்னு கேட்டேன். அப்ப உங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்காரருக்கும் தெரியும். பம்ப் பக்கத்துல நிக்கிற எங்களுக்கு மட்டும் தெரியாது."

அருளப்பன் ஆசிரியை பக்கம் திரும்பினார். அவர் அந்தக் கிழவரின் சிரிஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதமாக அருளப்பன் வளர்த்து வைத்திருந்த கோபம் அத்தனையும் தன்னை வாயடைத்தவர்களைப் பற்றியது. தன் பேச்சு, தன் சோதனை, தன் பெயர். வால்பாறையில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் அதில் எங்கேயும் இல்லை. யாரும் இப்படிப்பட்ட தகவலை அனுப்பப் போவதில்லை என்று நிறுவனம் எழுதியதும் நினைவுக்கு வந்தது. யாரும் அனுப்பத் தேவையில்லை. அந்தக் கம்பியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஏதோ ஒரு கருவியைப் புதிதாக இணைத்திருப்பார்கள், அது தப்பான தகவலை உளறியிருக்கும். அவ்வளவுதான்.

"பெரிய டாக்டர் இருக்காரா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"இருக்காரு. எதுக்கு?"

"நான் பேசணும்."

அவர் பேசினார். வக்கீல் எழுதியதைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார். தலைமை மருத்துவர் முதலில் நம்பவில்லை. உபயோகத்தில் இல்லாத ஒரு பம்பைக் கொண்டுவரச் சொல்லி, தண்ணீர் நிரப்பி, கணினியை இணைத்து அருளப்பன் அதை நிறுத்திக் காட்டினார். திரை ஓடியது. பச்சை விளக்கு எரிந்தது. தலைமை மருத்துவர் சிரிஞ்சைக் குனிந்து பார்த்துவிட்டு, நாங்கள் அந்தப் பெண்ணைத் திட்டிய திட்டு என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

மெஹருன்னிசா அதற்குள் போனில் இருந்தார். அவரோடு படித்தவர்கள், அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் என்று எந்தெந்த ஊரிலோ இருந்த நர்ஸுகளுக்கெல்லாம் சொன்னார். அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். எப்படி நிறுத்துவது என்று யாரும் கேட்கவில்லை, அருளப்பனும் சொல்லவில்லை. கம்பியைப் பிடுங்குங்கள், சிரிஞ்சைப் பாருங்கள் என்ற இரண்டே பேச்சுதான் வார்டு வார்டாகப் போனது. ஒரு வாரத்துக்குள் திரையில் பம்புகள் தெரியவில்லை என்று ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் நிறுவனத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டன. சுகாதாரத் துறையிலிருந்தும் கேட்டார்கள்.

இயக்குநர் தாமோதரன் ஆசிரியையைக் கூப்பிட்டுக் கத்தினார். யாரைக் கேட்டு வெளியே சொன்னீர்கள் என்றார். கட்டடம் வராது என்று ஆகிவிட்டது. ஆய்வகத்தைக் காலி செய்யச் சொல்லி, பேருந்து நிறுத்தும் கொட்டகையை ஒட்டிய அறையை ஒதுக்கினார். ஆசிரியை மறுபேச்சுப் பேசாமல் மேஜைகளைத் தூக்கச் சொல்லிவிட்டார். வக்கீலிடமிருந்து மறுபடி எதுவும் வரவில்லை. வழக்குப் போட்டால் எதையெல்லாம் கோர்ட்டில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர்கள் யோசித்திருப்பார்கள்.

ஒருநாள் காலை அருளப்பன் புதிய அறைக்குள் வேகமாக வந்தார். கையில் போன். அந்த நிறுவனம் அறிக்கை வெளியிட்டிருந்தது. பம்பில் ஒரு சிறு குறைபாட்டை எங்கள் பொறியாளர்களே தொடர்ந்த சோதனையில் கண்டறிந்தோம், எல்லாப் பம்புகளையும் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம், நோயாளிகளின் உயிரே எங்களுக்கு முக்கியம் என்று இருந்தது.

வெளியே ஒரு பேருந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அது ஓயும்வரை பொறுத்திருந்து அருளப்பன் அறிக்கையைப் படித்துக் காட்டினார். வக்கீலை வைத்து மிரட்டிய கை இன்று இதை எழுதியிருக்கிறதே என்றார். கண்டுபிடித்தது அவர்களாம், சோதித்தது அவர்களாம். இதை நாம் விடக்கூடாது, பத்திரிகைகளைக் கூப்பிட வேண்டும் என்றார்.

"நம்ம பேரு ஒரு இடத்துலகூட இல்ல மேடம்."

ஆசிரியை போனை வாங்கி ஒருமுறை முழுக்கப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"செல்வராணி வேலைக்குச் சேர்ந்துட்டாங்களா?"

"திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. மெஹர் சிஸ்டர் சொன்னாங்க. தண்டனையை முடிச்சுக்கிட்டோம், இனிமே கவனமா இருன்னு சொல்லிச் சேத்துக்கிறாங்களாம்."

சொல்லிவிட்டு அருளப்பன் அறிக்கைக்குத் திரும்பினார். அடுத்த வரியைப் படிக்க வாயெடுத்தவர், ஆசிரியை தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நிமிர்ந்தார்.

"தப்பு செஞ்சதா எழுதுன இடத்துல அந்தப் பொண்ணு பேரு அப்படியே இருக்கு" என்றார் ஆசிரியை. "கண்டுபிடிச்சதா எழுதுன இடத்துல உங்க பேரு இல்ல. மொதல்ல எந்தப் பேருக்காகக் கோபப்படலாம், சொல்லுங்க சார்."

அருளப்பன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.